துணைப் புரதம் இல்லேன்னா கொரோனா வைரஸ் பெருகாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "போன வீடியோல கொரோனாவோட துணைப் புரதங்கள் பத்திச் சொன்னீங்க. துணைன்னா சும்மா கூட இருக்கறதுதானே? அது இல்லேன்னா வைரஸ் பெருகாதா?"

பெருகும். ஆனா எங்கன்னு கேக்கணும். கோவிட் கொண்டுவந்த கொரோனா வைரஸான சார்ஸ் கோவ்-2-க்குக் கிட்டத்தட்ட 30,000 எழுத்துல எழுதின மரபுக் குறிப்பு, அதாவது ஆர்.என்.ஏ. அதைப் படியெடுக்கற இயந்திரம் வேற, மேல போத்திக்கிற ஸ்பைக் மாதிரி கட்டமைப்புப் புரதங்கள் வேற. இது ரெண்டுலயும் சேராததுதான் துணைப் புரதம். ஆய்வகத்துல வெரோ செல்லுல வைரஸ வளர்க்கறப்போ, இதுல பலதை நீக்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியறதில்ல. "துணை"ங்கிற பேரு அதனாலதான் வந்துச்சு. ஆனா வெரோங்கறது ஆப்பிரிக்கக் குரங்கோட சிறுநீரகத்துல இருந்து 1962-ல ஜப்பான்ல எடுத்த செல். வைரஸ் வந்தா அபாயச் சங்கு ஊதற இன்டர்ஃபெரான் இருக்கில்லையா, அதைச் சுரக்கற மரபணு அந்தச் செல்லுல கிடையாது. காவலே இல்லாத வீட்ல திருடனுக்குக் கூட்டாளி எதுக்கு?

நம்ம உடம்புல கதை வேற. இன்டர்ஃபெரான் பட்ட உடனே ஸ்டாட்-1-னு ஒரு புரதம் செல்லோட உட்கருவுக்குள்ள ஓடிப்போய், நூத்துக்கணக்கான தற்காப்பு மரபணுக்கள முடுக்கிவிடும். இப்ப ஓ.ஆர்.எஃப்-6-ங்கற துணைப் புரதம் என்ன பண்ணுதுன்னு பாருங்க. மொத்தமே 61 அமினோ அமிலம், அவ்வளவு குட்டி. அது உட்கருவோட வாசல்ல போய், அங்க இருக்கற நப்-98, ரே-1 புரதங்களப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துரும். ஸ்டாட்-1 உள்ள போக முடியாது. செல்லோட சொந்தச் செய்தி ஆர்.என்.ஏ. வெளிய வர்றதும் தடைபடும். இத்தனைக்கும் இந்த வைரஸ் படியெடுக்கறது உட்கருவுக்கு வெளியதான். தான் நுழையாத வீட்டு வாசல்ல போய் மறியல் பண்ணுது!

ஓ.ஆர்.எஃப்-9பி இன்னும் சுவாரஸ்யம். அதுக்குன்னு தனி இடமே கிடையாது, 'என்' (N)-ங்கற கட்டமைப்புப் புரதத்தோட மரபணுவுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. பள்ளிக்கூடத்துல பொதுமொழி படிச்சிருப்பீங்களே, தாமரைன்னா பூ, தா மரைன்னு பிரிச்சா தாவுற மான். அதே மாதிரிதான், அதே எழுத்துகள ஒரு எழுத்து தள்ளி மூணு மூணாப் பிரிச்சுப் படிச்சா வேற புரதம். அது செல்லுக்குச் சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாமேல இருக்கற டாம்-70-ங்கற புரதத்தைப் பிடிச்சு, இன்டர்ஃபெரான் சுரக்கச் சொல்ற சமிக்ஞையையே அமுக்கிடும். ஆல்ஃபா வகை வந்தப்போ ஸ்பைக் பத்தியே எல்லாரும் பேசிட்டிருந்தோம். ஆனா அது 9பி-யையும் 6-ஐயும் முன்னைவிட அதிகமா உண்டாக்குச்சு.

ஓ.ஆர்.எஃப்-3ஏ பத்தி சுருக்கமா: செல்லோட குப்பை அழிக்கிற லைசோசோமைக் குழப்பி, அந்த வழியாவே புது வைரஸ் வெளிய போக உதவுது.

சரி, இந்த மாதிரி ஒரு துணைப் புரதம் இல்லாத வைரஸ் மனுஷங்ககிட்ட பெருகுமா? 2020 ஆரம்பத்துல சிங்கப்பூர்ல 382 எழுத்து காணாமப்போன ஒரு வகை பரவுச்சு. ஓ.ஆர்.எஃப்-8-ங்கற இன்னொரு துணைப் புரதத்துக்கான பகுதிதான் போயிருந்துச்சு. அது தொத்தினவங்கள்ல ஆக்ஸிஜன் தேவைப்பட்டவங்க குறைவு. அப்ப 8 போனா வைரஸ் அடங்கிடும்னு நினைக்கலாம். ஆனா ஒமிக்ரான் வழி வந்த எக்ஸ்.பி.பி.1.5-ங்கற வகையிலயும் அந்தப் புரதம் ஆரம்பத்துலயே வெட்டுப்பட்டுப் போயிடுது. அதுதான் 2023-ல உலகம் பூரா சுத்தி வந்துச்சு.