கார்டு வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஏழெட்டு ஆண்டுகளாக உழைத்துவரும் மேசைக் கணினி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் அதில் ஒரு குறையும் இல்லை. புதிய விளையாட்டைத் திறந்தால் மட்டும் திணறுகிறது. 'நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போடு' என்பார்கள் எல்லோரும். எந்தக் கார்டு என்று என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கணினியில் இருக்கும் பவர் சப்ளை எது?

மின்கம்பியைச் செருகுகிறோமே, அந்த இடத்தில் விசிறியோடு இருக்கும் இரும்புப் பெட்டிதான் பவர் சப்ளை. யானையை வாங்கினால் போதுமா, கட்டித் தீனி போட வேண்டாமா? கார்டுக்குத் தீனி போடுவது இந்தப் பெட்டிதான். அதை யாரும் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு கார்டு வாங்கி மாட்டினார். திரை பளிச்சென்று வந்தது. விளையாட்டைத் தொடங்கினால் சில நிமிடங்களில் கணினி பட்டென்று அணைந்துவிடும். டிரைவரை மாற்றினார், விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினார், கடையில் கொடுத்துக் கார்டையே மாற்றி வாங்கினார். பலனில்லை. நான் போய்ப் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பவர் சப்ளையின் லேபிளைப் படித்தேன். 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 216 வாட்தான் வரும். கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. கார்டுக்கு 150 வாட், பிராசஸருக்குத் தொண்ணூறை ஒட்டி. கூட்டினால் 216-ஐத் தாண்டிவிடுகிறது. வேலை இல்லாதபோது இரண்டும் கொஞ்சமாகத்தான் எடுக்கும். அதனால்தான் திரை வந்தது, விளையாட்டு நிலைக்கவில்லை. பவர் சப்ளையை மாற்றியதும் அதே கார்டு ஒழுங்காக ஓடியது.

ஆகவே, பெரிய எழுத்தை நம்பாதீர்கள். 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். மூடியைக் கழற்றுமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் கபாசிட்டர்களில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் தனிக் கம்பி தேவை: ஆறு முனைக் கம்பி 75 வாட், எட்டு முனைக் கம்பி 150 வாட். அந்தக் கம்பி இல்லாத பெட்டி என்றால், ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கம்பியிலிருந்து அடாப்டர் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்; மீறினால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். தனிக் கம்பியே கேட்காத கார்டுகள் இருக்கின்றன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்டில் ஓடும். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650-இலும் அப்படிப்பட்ட மாடல்கள் உண்டு. பழைய அலுவலகக் கணினிகளுக்கு இவையே பொருத்தம் என்பேன்.

அடுத்தது பிராசஸர். விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் புதிய கார்டு பலன் தரும். அப்படியே நின்றால், பெரும்பாலும் தடை பிராசஸரில்தான் இருக்கும், கார்டுக்குச் செலவிடாதீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியை விரைவாகச் சொல்கிறேன். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற சில கார்டுகள் தரவு போய்வரும் நான்கு தடங்களில் மட்டுமே மதர்போர்டோடு பேசும். கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 என்னும் பழைய தலைமுறையாக இருக்கும் போர்டில் அவற்றின் வேகம் குறையும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு 'ரீசைசபிள் பார்' வசதி, அதாவது கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி, வேண்டும். பழைய போர்டுகள் பலவற்றில் அது இல்லை. கணினியின் கேபினட்டுக்குள் கார்டுக்கு எவ்வளவு நீளம் இடமிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். உங்கள் மானிட்டரில் நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும்தான் இருக்கிறதா? புதிய கார்டுகளில் அது கிடையாது. சிக்னலை மாற்றித் தரும் ஆக்டிவ் அடாப்டரையும் கார்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.