காணாமல் போகும் புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். குரலுக்கும் இசைக்கும் எதிரொலி போன்ற ஒலி விளைவுகளைச் சேர்க்கும் பழைய எக்கோ, ரிவெர்ப், கோரஸ் கருவிகளைப் பழுது பார்ப்பது நெடுங்காலமாக என் தொழில். இதில் பற்றவைக்கும் நேரம் குறைவு. காகிதம் தேடும் நேரமே அதிகம். அந்தத் தேடலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எந்தக் காகிதம்? கருவியோடு வரும் பயனர் கையேடு, எந்தக் குமிழைத் திருகினால் என்ன ஒலி வரும் என்று சொல்லும். பழுது பார்க்க அது போதாது. நமக்கு வேண்டியது சர்வீஸ் மேனுவல். சுற்றுப்படம், உதிரிபாகப் பட்டியல், பழுது நீக்கியபின் சரிப்படுத்தும் முறை, இம்மூன்றும் அதில் இருக்கும். ரோலண்டு நிறுவனம் 1974-இல் வெளியிட்ட ஸ்பேஸ் எக்கோ ஆர்ஈ-201 போலப் புகழ்பெற்ற கருவி என்றால் தேடியதும் கிடைத்துவிடும். வளையமாகச் சுற்றும் டேப்பில் பாட்டைப் பதிந்து, மூன்று வாசிப்புத் தலைகளால் அதையே திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும் அருமையான கருவி அது. சின்ன நிறுவனங்களின் கருவிகளுக்குத்தான் அலைய வேண்டும்.

கிடைத்தாலும் அவசரப்படக்கூடாது. ஒரே மாடலின் சுற்றையே நடுவில் மாற்றியிருப்பார்கள். அதனால் மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.சி. என்ற சில்லின் முதுகில் 7643 என்று இருந்தால் பெரும்பாலும் 1976-ஆம் ஆண்டின் 43-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். அந்த ஐ.சி.யைப் பின்னால் யாரும் மாற்றவில்லை என்றால், கருவி அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: புள்ளி. தசமப் புள்ளி.

இரண்டு மைக் இணைப்புகள் உள்ள டேப் எக்கோ ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒரு மைக்கில் குரல் கரகரத்தது. உள்ளே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, கருகியிருந்தது. அதன் மதிப்பை வண்ண வளையங்கள்தான் சொல்லும். மஞ்சள், ஊதா வளையங்கள் தெரிந்தன. மூன்றாவது வளையம் சிவப்பா, ஆரஞ்சா? சூட்டில் பழுப்பேறிப் போயிருந்தது. சிவப்பானால் 4.7 கிலோ ஓம், ஆரஞ்சானால் 47. பத்து மடங்கு வித்தியாசம்! சுற்றுப்படத்தைப் பார்த்தேன். நகலுக்கு நகல் எடுத்த படம். நாலும் ஏழும் இருந்தன, நடுவில் புள்ளி இருந்ததா என்று பூதக்கண்ணாடிக்கும் தெரியவில்லை. இதற்குப் பயந்துதான் சிலர் புள்ளியே வைக்காமல், அந்த இடத்தில் கிலோவைக் குறிக்கும் கே என்ற எழுத்தைப் போட்டு, நாலு கே ஏழு என்று எழுதுகிறார்கள். எழுத்து நகலில் தொலையாது. எத்தனை நல்ல வழக்கம்! நான் வரையும் எல்லாப் படங்களிலும் அப்படித்தான் எழுதுகிறேன்.

சரி, விடை எங்கே கிடைத்தது? பக்கத்து மைக்கில். இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சுற்று. அங்கிருந்த இணை ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். காலைக் கழற்றாமல் அளந்தால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து அளவு குறைந்து காட்டும். மீட்டர் 4.7-ஐ ஒட்டி நின்றது. மேனுவலின் பின்பக்கத்து உதிரிபாகப் பட்டியலிலும் புள்ளி தெளிவாக இருந்தது. ஆகவே நேயர்களே, சுற்றுப்படம் மட்டும் கிடைத்தால் தேடலை நிறுத்திவிடாதீர்கள். பட்டியலையும் தேடுங்கள். பட்டியலையும்!

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஒலியைச் சற்றுத் தாமதித்து வெளியிடும் எம்என்3005 போன்ற தாமத ஐ.சி.க்களைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். அவற்றை மாற்றினால், அவை சரியாக வேலை செய்யத் தரும் சார்பு மின்னழுத்தத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும், அதைச் சொல்லும் பக்கம் இல்லாத மேனுவல் அரைகுறைதான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். டிஜிட்டல் ரிவெர்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: கருவியின் நிரலைச் சேமித்து வைக்கும் ஈப்ராம் என்ற சில்லின் கண்ணாடிச் சாளரத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருக்கும் நிரல் அழிந்துவிடும். எந்தச் சுற்றுப்படத்திலும் அந்த நிரல் இருக்காது. கருவி நன்றாக ஓடும்போதே அதற்கு ஒரு படி எடுத்து வைத்துவிடுங்கள். வணக்கம்.