பார்க் குட்டைக்குக் கல்லுக் கரை வேணாம் மக்களே

வணக்கம் மக்களே! மாதவரம் பக்கம் ஒரு பார்க்ல நிக்கிறேன். பின்னாடி குட்டை தெரியுதா? சுத்தி கருங்கல்லு, கம்பி வேலி, ஒரு பக்கம் நடைபாதை. தண்ணி நெறைய இருக்கு, ஒரு மடையான், அதாங்க குளத்துக் கொக்கு, கூட இல்ல. மடையான் சாணுக்கும் கொறஞ்ச தண்ணியில நின்னுதான் மேயும். இங்க கல்லு முடியுற இடத்துலயே நாலடி ஆழம். எங்க நிக்கும் அது?

அதனால செடி நடுறதெல்லாம் அப்புறம். பறவை வரணும்னா முதல்ல கரையச் சரிவாக்கணும். எட்டடி நடந்தா ஒரு அடி ஆழம், அந்தக் கணக்கு. நாலு பக்கமும் வேணாம், நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் மட்டும் போதும். நடுவுல ஆறடி பள்ளம் இருக்கணும். ஏன்னா ஏப்ரல், மே வெயிலுக்கு ஒரு நாளைக்கு 6லேர்ந்து 8 மில்லிமீட்டர் தண்ணி ஆவியாவே போயிடும். ரெண்டு மாசத்துக்கு ஒன்றரை அடி ஆச்சா? மண்ணு குடிக்கிறது தனி. மூணடிக் குட்டைன்னா மே கடைசியில கிரிக்கெட் கிரவுண்டுதான்.

தோண்டும்போது மேல இருக்கிற அரையடி சேத்தைத் தனியாக் குவிச்சு வைங்க. கோரை, அல்லி விதையெல்லாம் அதுலதான் தூங்குது. சரிச்சு முடிச்சதும் அதையே மேல பரப்பிடுங்க. குட்டை முழுசையும் ஒரே வருஷத்துல தூர் வாரவே கூடாது. இந்த வருஷம் ஒரு பாதி, அடுத்த வருஷம் மறு பாதி. வேலை செப்டம்பருக்குள்ள முடியணும், அக்டோபர் மழையில புது மண்ணு கரைஞ்சு போயிடும்.

கொளத்தூர், ரெட்டேரி, மாதவரம் எல்லாம் ஏரிக்களிமண்ணு, தண்ணி நிக்கும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கடலோரமா போனா மணலு. ரெண்டடிக் குழி எடுத்து தண்ணி ஊத்தி ஊறவிட்டு, மறுநாள் திரும்ப ரொப்பிப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள காணாமப் போச்சுன்னா ஒரு அடிக்குக் களிமண்ணு போட்டாகணும். மொத்தமாக் கொட்டாம அரையடி போட்டு, ஈரத்தோட மிதிச்சு இறுக்கி, மேல இன்னொரு அரையடி. கான்கிரீட் மட்டும் போட்றாதீங்க.

இப்போ இந்த மழைநீர் வடிகால் வாயைப் பாருங்க. மழையே இல்லாத ஏப்ரல்ல, காலைல ஏழு மணிக்கு வந்து பாருங்க. தண்ணி ஓடுதுன்னா அது பெரும்பாலும் சாக்கடைதான், எந்த வீட்டுக் குழாயோ உள்ள சேர்ந்திருக்கு. அதை அடைக்காம மத்த எது செஞ்சாலும் காசு வேஸ்ட். ஆகாயத்தாமரை வாழுறதே அந்தச் சாக்கடைச் சத்துலதான். வாய்க்கு முன்னாடி பத்தடி நீளம், மூணடி ஆழத்துல வண்டல் குழி வைங்க. குப்பைக் கம்பியைச் செங்குத்தா நிறுத்தாதீங்க, மொத மழையிலயே அடைச்சுக்கும். சாய்ச்சு வெச்சா குப்பை மேல ஏறி நிக்கும், தண்ணி கீழ போகும்.

ஆகாயத்தாமரைக்கு மருந்து அடிக்காதீங்க. மொத்தமா அழுகி, தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சி, மீனெல்லாம் செத்து மிதக்கும். வேரோட இழுத்து, கரையிலேர்ந்து பதினைஞ்சு அடி தள்ளிக் காய வைங்க. நூத்துல தொண்ணூறு பங்குக்கு மேல தண்ணிதான், காஞ்சா ஒரு லோடு ஒரு மூட்டை ஆயிடும். சாக்கடைத் தண்ணியில வளர்ந்ததை உரமாக்கிக் காய்கறித் தோட்டத்துக்குப் போடாதீங்க, உலோகமெல்லாம் அதுக்குள்ள ஏறியிருக்கும். விதை சேத்துல வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும், அதனால மாசத்துக்கு ஒருக்கா சுத்தி வந்து குட்டிச் செடியைப் பொறுக்கியே ஆகணும்.

சம்புக்கு, அதாவது தண்ணியில உசரமா நிக்கிற கோரை மாதிரிப் புல்லுக்கு, வேற வைத்தியம். அதைப் பிடுங்கினா கிழங்கு உடைஞ்சு, துண்டு துண்டா முளைக்கும். தண்ணி மட்டத்துக்குக் கீழ நாலு விரக்கடை விட்டு அறுங்க. தாள் மேல நீட்டிக்கிட்டு இருந்தா, காஞ்ச தாளா இருந்தாலும், அது வழியாத்தான் கிழங்குக்குக் காத்து போகும். தண்ணிக்குள்ள அறுத்தா மூச்சு முட்டி அழுகிடும். மூணுல ஒரு பங்கை விட்டுடுங்க, தாழைக்கோழி கூடு கட்ட அதுதான் வீடு.

கலங்கல்ல, அதாவது நெறஞ்ச தண்ணி வெளிய போற இடத்துல, பலகை சொருக ஒரு காடி (பள்ளக் கோடு) விட்டு, அரையடி அரையடியாப் பலகை சொருகுங்க. ஜனவரியில ஒரு பலகையை உருவினா தண்ணி மட்டம் எறங்கி ஈரச் சேறு வெளிய தெரியும், சேத்துல இரை தேடுற உள்ளான் வகைப் பறவையெல்லாம் வந்து இறங்கும். கோரை நடவும் அப்பவே, ஒன்றரை அடிக்கு ஒரு குத்து. அக்டோபர்ல நட்டா வேர் பிடிக்கிறதுக்குள்ள வெள்ளம் பிடுங்கிட்டுப் போயிடும். நடுவுல மேடு போட இடமிருந்தா நீர்க்கடம்பு, நாட்டுக் கருவேலம் வைங்க, வேடந்தாங்கல்ல நீர்க்கடம்பு மேல நெறைய கூடு இருக்கும். விளக்கு அந்தப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது.

கொசு வரும்னு கமெண்ட்ல எழுதப் போறீங்க, தெரியும்! கொசு முட்டையிலேர்ந்து பறக்கிறதுக்கு வெயில் நாள்ல பத்து நாள் கூட ஆகாது, ஆனா தும்பிக் குஞ்சும் நாட்டு மீனும் இருக்கிற தண்ணியில அது பெருசா தப்பிக்காது. அதுக்காக கம்பூசியாங்கிற வெளிநாட்டுக் கொசு மீனை வாங்கி விடாதீங்க, தவளைக் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். வீட்டுத் தொட்டியில வளர்ந்து பெருசாயிடுச்சேன்னு டேங்க் கிளீனர் மீனையும், காதுல சிவப்புக் கோடு போட்ட ஆமையையும் கொண்டாந்து இங்க விட்டுட்டுப் போறாங்க பாருங்க, அவங்க தயவு செஞ்சு வாங்கின கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க.