சொந்தக் கணினியில் ஒரு பக்கெட்

நேயர்களுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதும் செயலி படங்களை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில், அதாவது ஒவ்வொரு பைலையும் ஒரு பெயரோடு 'பக்கெட்' என்ற பெட்டியில் போட்டு வைக்கும் சேமிப்பில், சேமிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் வாடகைச் சர்வரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதே மாதிரி ஒரு சர்வரை உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டலாம்.

இந்த வகைச் சேமிப்பைத் தரும் அமேசானின் எஸ்3 சேவை 2006 மார்ச்சில் வந்தது. அது பேசும் முறையையே பின்னால் வந்த பலரும் பேசத் தொடங்கினார்கள். நம் கணினியிலேயே ஓட்டக்கூடிய மினியோ, கராஜ், சீவீட்எஃப்எஸ் ஆகிய சர்வர் மென்பொருள்கள் எல்லாம் அந்த வகை. அதனால் நிரலில் சர்வரின் முகவரியையும் உள்ளே நுழைவதற்கான சாவிகளையும் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

மினியோவை ஓட்டுவது எளிது. ஒரே ஒரு பைல்தான். தரவு வைக்க ஓர் இடத்தைக் காட்டி ஓடவிட்டால் 9000 போர்ட்டில், அதாவது நிரல்கள் வந்து இணையும் அந்த வாசல் எண்ணில், காத்திருக்கும். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். பயனர் பெயராகவும் பாஸ்வேர்டாகவும் கூடவே வரும் 'மினியோஅட்மின்' ஊருக்கே தெரிந்த சாவி, அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

அப்புறம்தான் குழப்பம். பக்கெட்டின் பெயரை முகவரிக்கு முன்னால் ஒட்டிவிடும் பழக்கம் பல நிரல் நூலகங்களுக்கு உண்டு. பெயர், புள்ளி, லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும் முகவரி) என்று தேடும். பல கணினிகளில் அப்படி ஒரு முகவரியே இருக்காது. பக்கெட்டின் பெயரை முகவரிக்குப் பின்னால் வைக்கும் 'பாத் ஸ்டைல்' என்ற அமைப்பை நூலகத்தில் இயக்கினால் சரியாகிவிடும். இன்னொன்று, இங்கே ஃபோல்டர் என்பதே கிடையாது. சாய்கோடும் பெயரில் ஓர் எழுத்து, அவ்வளவுதான். எனவே ஃபோல்டர் பெயரை மாற்ற வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் புதுப் பெயரில் நகலெடுத்துப் பழையதை அழிக்க வேண்டும்.

சர்வரைக் கண்டெய்னரில், அதாவது நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் உறையில், ஓட்டுபவர்களுக்கு என் சொந்தக் கதை ஒன்று. ஒரு வாரம் சேர்த்த சோதனைப் படங்கள், கண்டெய்னரை நீக்கிப் புதிதாக எழுப்பியதும் காணாமல் போயின. சர்வர் மேல் பிழையே இல்லை. கண்டெய்னருக்கு வெளியே தரவை வைக்கும் இடமான வால்யூமை இணைக்க மறந்தது நான்தான். தரவு கண்டெய்னருக்குள்ளேயே இருந்து, அதோடு போய்விட்டது. வால்யூம் இருந்தாலும் ஒரே டிஸ்க் என்றால் அது பழுதானதும் எல்லாம் போகும். அதனால் அசல் தரவை இதில் மட்டும் வைக்க எனக்கு மனம் வராது.

இப்போதெல்லாம் நிறுவியதும் ஒரு படத்தை ஏற்றுவேன், கண்டெய்னரை அழிப்பேன், மறுபடி எழுப்புவேன். படம் அங்கேயே இருந்தால்தான் அடுத்த வேலை.

நன்றி, வணக்கம்.