அடுப்பில் பூத்த காளான்

[காட்சி: மண் அடுப்பு, மிக அருகில். நெருப்பு இல்லை. சாம்பல் ஈரம் கோத்துக் கிடக்கிறது.]

வணக்கம். தம் வீட்டு வறுமையைச் சொல்ல வந்த பெருந்தலைச் சாத்தனார் என்ற சங்கப் புலவர், முதலில் அடுப்பில் முளைத்த காளானைத்தான் காட்டினார். புறநானூற்றின் 164ஆம் பாட்டு ‘ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப’ என்று தொடங்குகிறது. ஆடு என்றால் இங்கே சமைத்தல். ஆம்பி என்றால் காளான். காளான் முளைக்க ஈரமும் நிழலும் வேண்டும். பல நாள் அந்த இடத்தில் சூடே படாமலும் இருக்க வேண்டும். எத்தனை நாள் பட்டினி என்று புலவர் எண்ணிச் சொல்லவில்லை. அந்தக் கணக்கைக் காளான் சொல்லிவிடுகிறது.

அடுத்து வருபவை பார்வைகள். பாலில்லாத மார்பைச் சுவைக்கும்தோறும் அழுகிற குழந்தையின் முகத்தைத் தாய் பார்க்கிறாள். கண்ணீர் நிறைந்த அவள் கண்களைக் கணவனான புலவர் பார்க்கிறார். பார்த்தவர், வள்ளலாகப் பெயர்பெற்ற அரசன் குமணனை நினைத்துப் புறப்பட்டு வருகிறார். ஆனால் குமணனோ அப்போது தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருக்கிறான். கொடுக்கக் கையில் பொருள் இல்லாத அந்த வள்ளல், தன் தலையைக் கொண்டுபோய்ப் பயன்பெறட்டும் என்று புலவரிடம் வாளையே நீட்டினான் என்பதை அடுத்த பாட்டு சொல்கிறது. எரியாத ஓர் அடுப்பு ஓர் அரசனின் கழுத்துவரை வந்து நிற்கிறது.

[காட்சி: ஊர்ப்புற வீட்டின் அடுப்பங்கரை. ஒரு கை அடுப்பை மெழுகுகிறது.]

மண் அடுப்பைப் பார்த்தே இராதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். குதிரை லாடம் போல் வளைந்த மண்சுவரின் மேல் விளிம்பில் மூன்று குமிழ்கள் இருக்கும். பானை குமிழ்களின் மீது அமர்வதால், பானைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தீநாக்கும் புகையும் வெளியேற வழி கிடைக்கும். பக்கத்தில் ஒட்டினாற்போல் இருப்பது கொடியடுப்பு. அதற்குத் தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பின் அனல் உள்வழியாகப் போய் அங்கே வைத்த ரசத்தையோ பாலையோ சூடாக வைத்திருக்கும். என் பாட்டி இரவில் கடைசி வேலையாக அடுப்பைச் சாணமிட்டு மெழுகி, அதன் மேல் சிறிய கோலம் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் படுப்பார். விடிந்ததும் அந்தக் கோலத்தின் மேலேயே பானை ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

குளிர்நாடுகளில் வீட்டார் சுற்றி அமர்ந்து குளிர்காயும் கணப்புதான் வீட்டின் நடுவிடம். ‘ஃபோகஸ்’ என்று கேமராக்காரர்கள் நாள்தோறும் சொல்கிறார்களே, அந்த இலத்தீன் சொல்லின் பழைய பொருள் அடுப்பு என்பதுதான். நம் வெயிலில், மார்கழி விடியற்காலையைத் தவிர, சுகத்துக்காக அடுப்பருகே உட்காருவார் யாருமில்லை. ஆகவே தமிழில் அடுப்பு குறியீடாக வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகளே எழுகின்றன: அது எரிகிறதா, எரிந்தால் யாருக்காக எரிகிறது?

அடுப்பு என்ற சொல்லே ‘அடு’ என்ற வினையிலிருந்து வந்தது. அடுதல் என்றால் சமைத்தல். சமையலறையைக் குறிக்கும் அட்டில், உணவைக் குறிக்கும் அடிசில் ஆகியவையும் இந்த இனத்துச் சொற்களே. ‘அடு’வுக்குக் கொல்லுதல், வெல்லுதல் என்ற பொருளும் உண்டு. மாங்குடி மருதனார், தலையாலங்கானத்தில் வென்ற நெடுஞ்செழியனைப் பாடும்போது (புறநானூறு 26) இரண்டு பொருளையும் ஒரே அடியில் மோதவிடுகிறார்: பகைவரின் முடியணிந்த தலைகளே அடுப்பு, குருதியே உலைநீர், வளையணிந்த தோளே துடுப்பு, அங்கே ‘அடுகளம் வேட்ட அடுபோர்ச் செழிய’ என்று அரசனை விளிக்கிறார். வீட்டில் உயிர் வளர்க்கும் அதே சொல் களத்தில் உயிர் குடிப்பதைக் காட்ட, புலவர் வேறு உவமையைத் தேடிப் போகவில்லை. அடுப்பையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

[காட்சி: எரியும் விறகு. புகைக்குப் பின்னால் ஒரு முகம், தெளிவில்லாமல்.]

அகப்பாடல்கள் அடுப்பை நேராகப் பார்ப்பது குறைவு. அதன் முன் நிற்கும் பெண்ணின் முகத்தையே பார்க்கின்றன. குறுந்தொகை 167இல் தயிர் பிசைந்த விரலோடும் தாளிப்புப் புகை படிந்த கண்ணோடும் நிற்கும் தலைவியைப் பலரும் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். எனக்கு நற்றிணை 120 அதைவிடச் சுவையானது. பரத்தையிடம் சென்று திரும்பிய கணவன்மீது மனைவி கோபமாக இருக்கிறாள். புகையில் கண் கலங்க, நெற்றியில் அரும்பிய வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி அவள் அட்டிலில் நிற்கிறாள். அவனோ வெளியே நின்று, ‘விருந்தினர் யாராவது வரமாட்டார்களா’ என்று ஏங்குகிறான். விருந்து வந்தால் அவள் சினத்தை மறைத்துச் சிரித்தாக வேண்டும் அல்லவா! கண் சிவந்தது புகையாலா, கோபத்தாலா என்று பாட்டு பிரித்துச் சொல்லாமல் விட்டதில்தான் அதன் அழகு இருக்கிறது என்பேன். அவனுடைய தந்திரத்தை ரசித்து எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்; அந்தப் புகையில் நின்றவள் அவள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் இதே முகம் வருகிறது. மதுரையின் புறத்தே, ஆயர்குல மாதரி அளித்த வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். காய் நறுக்கி விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயைதான் வைக்கோல் கொண்டு தீ மூட்டிக் கொடுக்கிறாள். கோவலன் பனையோலைத் தவிசில் அமர்ந்து, வாழைக் குருத்தில் உண்கிறான். உண்டபின் கண்ணகி அவனிடம் சொல்லும் குறைகளில் ஒன்று, அவன் பிரிந்திருந்த நாள்களில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றைத் தான் இழந்தது. புகாரில் தனக்கென அமைந்த மனையில் அவளுடைய அடுப்பு யாருக்காகவும் எரியாமல் போயிற்று என்றே இதை நான் வாசிக்கிறேன். மதுரையில் அவளுக்காகக் காப்பியம் காட்டும் அடுப்புத்தீ இந்த ஒரு முறை மூட்டியது மட்டுமே. அடுத்து அவள் பெயரால் மதுரையில் மூளும் தீ நகரையே எரிக்கிறது.

விருந்துக்காக அடுப்பை எரிப்பதில் எல்லையையே கடந்தவர் பெரியபுராணத்தின் இளையான்குடி மாறனார். மழை கொட்டும் இரவில் அடியவர் ஒருவர் வருகிறார். வீட்டில் அரிசி இல்லை. அன்று வயலில் விதைத்த நெல்லையே இருட்டில் வாரிக்கொண்டு வருகிறார். விறகும் இல்லை என்று மனைவி சொல்ல, வீட்டுக் கூரைக் கழிகளை வெட்டித் தருகிறார். அந்த அம்மையார் ஈர நெல்லை வறுத்து, குற்றி, சோறாக்குகிறார். நாளைய விளைச்சலும் தலைக்கு மேலிருந்த கூரையும் ஓர் இரவுச் சமையலில் முடிந்துபோகின்றன.

[காட்சி: பூட்டிய கதவு. திண்ணையில் யாரோ வைத்துச் சென்ற தூக்குப் பாத்திரம்.]

பேச்சுவழக்கில் ‘அடுப்பிலே பூனை தூங்குகிறது’ என்றால் போதும், அந்த வீட்டின் நிலை புரிந்துவிடும். துக்கம் நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் அக்கம்பக்கத்தாரும் சோறு கொண்டுவருவார்கள். அண்ணன் தம்பி ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் உலை தனியாகிவிட்டால் குடும்பம் இரண்டுதான். தமிழ்நாட்டில் புதிய குடும்ப அட்டை கேட்பவர் தனியாகச் சமைப்பவராக இருக்க வேண்டும் என்பது அரசின் விதியாகவும் ஆகிவிட்டது.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்புக்கு ‘அணையா அடுப்பு’ என்றே பெயர். வருவோர் யாராயினும் சோறு கிடைக்க வேண்டும் என்பதற்காக அன்று மூட்டிய நெருப்பை இன்றுவரை அணையவிடாமல் காத்து வருகிறார்கள்.

[காட்சி: புதிய அடுக்குமாடி வீடு. மேடையில் மின்னடுப்பு. அதற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டிருக்கிறார்கள்.]

புதுமனை புகுவோர் முதலில் பால் காய்ச்சுகிறார்கள். இந்த அடுப்பில் விறகு இல்லை, புகை இல்லை, கண்ணுக்குத் தெரியும் நெருப்பும் இல்லை. ‘அடு’ என்ற வினை சமையலையே சொல்வதால் பெயர் மட்டும் பிசகாமல் பொருந்தி நிற்கிறது. பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டியதும் அடுப்பு ‘கீ’ என்று கத்திவிட்டுத் தானே அணைந்துவிடுகிறது. மூத்த அம்மா ஒருவர், பரவாயில்லை, பொங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, சர்க்கரை டப்பாவைத் தேடுகிறார்.