சாமியே சத்துவாச்சாரியில்தான் இருந்தார்

(காட்பாடியில் ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "படுக்கையில் விழுந்த பெற்றோருக்கு வீட்டில் பெரிதும் துணை நிற்பது பிள்ளைகளின் பாசமா, சம்பளத்துக்கு வரும் பராமரிப்பாளரா?" பராமரிப்பாளர் அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "காசு கொடுத்தால் கை வரும், மனசு வருமா?" என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல வசனம். ஆனால் அண்ணே, ஒரு சின்ன சந்தேகம். உங்கள் அம்மா படுத்திருந்த எட்டு மாதமும் "வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம்" என்றீர்கள். அந்த எட்டு மாதமும் துணி அலசியது யார்? அண்ணி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அந்த வசனத்தைச் சொன்னபோது அவர் மட்டும் கை தட்டவில்லை, கவனித்தேன்.

நாம் பிள்ளைப் பாசம் என்று சொல்வதில் பாதி, மருமகளின் முதுகுவலி.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்" என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தோம். ராத்திரி பதினொன்றுக்குப் புரட்டுவேன். ஒரு மணிக்கு அலாரம் வைப்பேன். அலாரத்தை அணைத்தது யாரென்று காலையில் எனக்கே தெரியாது. மூன்றாவது வாரம் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது, அப்புறம் உரிந்தது. படுக்கைப் புண். "நீயும் மனுஷிதானேம்மா" என்று அத்தைதான் எனக்கு ஆறுதல் சொன்னார். பாசம் இருந்த வீட்டில்தான் நடுவர் அவர்களே, அந்தப் புண் வந்தது.

புரட்டுவதும் துடைப்பதும் கற்றுத் தெரிய வேண்டிய வேலை என்பதை வேலூருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இந்த ஊரில் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கியது 1909-இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல். டாக்டருக்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே நர்ஸைத் தயார் செய்த ஊர் இது!

சரி, ஆள் வைத்தோம். உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஒரு ஏஜென்சி முன்பணம் வாங்கிக்கொண்டு, "எல்லாம் தெரிந்த நர்ஸ்" என்று ஒரு பெண்ணை அனுப்பியது. அது பாவம், அதுவரை துணிக்கடையில் வேலை பார்த்த பிள்ளை. நான்காம் நாள் போய்விட்டது. முன்பணமும் போனது. "முன்பின் தெரியாத ஆளை எப்படி நம்புவது?" என்று எதிரணிச் சகோதரி கேட்டது நியாயமான பயம்தான். ஆனால் எங்கள் மேலும் தப்பு இருந்தது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆள் எடுக்கும்போது மட்டும் "நல்ல பொண்ணா?" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டோம்.

இரண்டாவது முறை, முதலில் ஒரு தாளில் வேலையை எழுதினோம். குழாய் மாற்றுவது, ஊசி போடுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது நர்ஸ் வேலை. அதற்கான ஜி.என்.எம். என்ற நர்ஸ் டிப்ளமோ மூன்று வருஷப் படிப்பு, சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். குளிப்பாட்ட, புரட்ட, ஊட்ட, டயப்பர் மாற்றப் பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். இது புரியாமல் நாள் முழுக்க நர்ஸை வைத்து, மூன்றே மாதத்தில் கை காய்ந்துபோன வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. நாங்கள் பகலுக்கு ஒரு உதவியாளர் அம்மாவை வைத்தோம். புண்ணுக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் நர்ஸ் வந்துபோனார்.

ஆதார் நகல் வாங்கினோம். முன்பு அவர் வேலை செய்த வீட்டுக்குப் போன் போட்டோம். நாம் தருவதில் ஏஜென்சிக்கு எவ்வளவு, அவர் கைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கினோம். அப்புறம், அத்தையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டச் சொன்னோம். அவர் குனிந்து முதலில் அத்தையிடம் கேட்டார்: "அம்மா, தூக்கட்டுமா?" அதுவரை ஆறு வாரமாகத் தூக்கிய நாங்கள் ஒருநாள்கூட அப்படிக் கேட்டதில்லை. அண்ணே, மனசு வருமா என்று கேட்டீர்களே!

பணத்துக்கு வருகிறேன், எல்லோரும் சத்தம் குறைத்துப் பேசும் இடம் அதுதான். மாதச் சம்பளம் 15,000. மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத் தரும், வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரும் ஆளுக்குப் பொதுவாகத் தராது. அத்தையின் மாடிப் போர்ஷன் வாடகை 6,000. என் வீட்டுக்காரர் 5,000. சென்னையில் இருக்கும் கொழுந்தனார் நிறைய யோசித்து 4,000. குடியாத்தத்து நாத்தனாரால் பணம் தர முடியாது. உதவியாளர் அம்மாவுக்கு ஞாயிறு லீவு, அன்றைக்கு நாத்தனார் வந்து பார்த்துக்கொள்கிறார். அதையும் நோட்டில் எழுதினோம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே இலவசமாக வரும் என்று தெரிந்து, கேட்டு வாங்கினோம்.

"அம்மாவுக்குச் செய்வதைக் கணக்கு எழுதலாமா?" என்றும் கேட்டார்கள். 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது? கவனிக்காத பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை தரவேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்கிறது. பார்லிமென்டே ரூபாயில்தான் எழுதியிருக்கிறது, பாசத்தில் எழுத அதனாலும் முடியவில்லை.

வெளியாள் கை பட்டால் கௌரவம் போய்விடும் என்பவர்களுக்கு ஒன்று. நம் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் எத்தனையோ தலைமுறைக்குச் சாமி இல்லை. படையெடுப்புக்குப் பயந்து எடுத்துப்போன லிங்கம் பக்கத்தில் இருக்கும் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-இல்தான் கோட்டைக்குத் திரும்பியது. அதுவரை சத்துவாச்சாரியில் விளக்கேற்றிய கைகள் யாருடைய கைகள் என்று ஜலகண்டேஸ்வரர் விசாரித்தாரா? கோபித்துக்கொண்டாரா?

முன்பெல்லாம் அத்தையும் நானும் பேசியது "மாத்திரை போட்டீங்களா, வெளிக்குப் போனீங்களா" மட்டும்தான். இப்போது சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் குழறியபடி பழைய கதை சொல்கிறார். பாதி புரியாது. கேட்க நேரம் இருக்கிறது.

நடுவர் மணி அடித்துவிட்டார். எனக்கும் அவசரம்தான். இந்தப் பத்து நிமிஷம் நான் மேடையில் நிற்பது, சத்துவாச்சாரியில் ஒருவர் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால். அவர் ஷிப்ட் எட்டு மணிக்கு முடிகிறது. இப்போதே ஏழு இருபது, காட்பாடிப் பாலத்தில் இந்நேரம் என்ன நெரிசல் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தீர்ப்பைப் போனில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.