கேள்வியைக் கேட்டுட்டு பேசாம இருங்க

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். வாலிபப் பிள்ளைங்களுக்கு பைபிள் ஸ்டடி எப்படி நடத்தறதுன்னு பேசச் சொல்லி கூப்பிட்டாங்க. நான் பாஸ்டரம்மாவும் இல்ல, செமினரி படிச்சவளும் இல்ல, பெரம்பூர் பக்கம் ஒரு சபையில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இருபதுலேர்ந்து முப்பது வயசு வரைக்கும் இருக்கற பசங்க பொண்ணுங்களோட உக்காந்து வேதம் படிக்கிற ஒரு அக்கா, அவ்ளோதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கோச்சிக்காதீங்க. நம்ம சபைகள்ல பைபிள் ஸ்டடின்னு பேர் வெச்சு நடக்கறதுல பாதி பைபிள் ஸ்டடியே கிடையாது, அது ரெண்டாவது பிரசங்கம். காலையில ஆராதனையில ஆயர் பேசி முடிச்சாரு, சாயங்காலம் யூத் லீடர் அண்ணன் அதைவிட நீளமா பேசுறாரு, நடுநடுவுல "புரியுதா, ஆமென் சொல்லுங்க"ன்னு கேப்பாரு, பசங்களும் ஆமென்னு சொல்லிட்டு மடியில ஃபோனை வெச்சு ஸ்கோர் பாத்துட்டு இருப்பாங்க. பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசிட்டே இருந்தப்போ ஐத்திகுன்னு ஒரு வாலிபன் ஜன்னல்ல உக்காந்த வாக்குலயே தூங்கி மூணாவது மாடியிலேர்ந்து கீழ விழுந்தான், அப்போஸ்தலர் 20ல இருக்கு. பவுல் பேசும்போதே தூக்கம் வந்திருக்கு, நம்ம பேச்சுக்கு வராதா.

லூக்கா 10ல யூதர்களோட வேதச்சட்டம் படிச்ச ஒரு நியாயசாஸ்திரி வந்து நித்திய ஜீவனுக்கு என்ன செய்யணும்னு இயேசுகிட்ட கேக்கறான். நம்ம ஆளுங்களா இருந்தா உடனே மூணு பாயிண்ட் சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிருப்போம். அவர் என்ன பண்றாரு, நியாயப்பிரமாணத்துல என்ன எழுதியிருக்கு, நீ என்ன வாசிச்சேன்னு திருப்பி கேக்கறாரு. கேட்டவனை எழுதியிருக்கறதுகிட்டயே அனுப்பிடறாரு. பைபிள் ஸ்டடி நடத்தறவங்களோட வேலைன்னு நான் நெனைக்கறது இதைத்தான், பிள்ளைங்களை வசனத்துகிட்ட அனுப்பற மாதிரி ஒரு கேள்வி கேக்கணும், கேட்டுட்டு நடுவுல நிக்காம ஒதுங்கிடணும்.

ஆனா எல்லா கேள்வியும் அப்படி அனுப்பாது. இந்தப் பிள்ளைங்க சண்டே ஸ்கூல், லீவுல நடக்கற வி.பி.எஸ்., திடப்படுத்தல் கிளாஸ் எல்லாம் தாண்டி வந்தவங்க, சரியான பதில் என்னன்னு அவங்களுக்கு நல்லா தெரியும். "கஷ்டம் வந்தா நாம என்ன பண்ணணும்?"னு கேட்டீங்கன்னா "ஜெபம் பண்ணணும்"னு வரும், "கர்த்தரை நம்பணும்"னு வரும், அதோட முடிஞ்சுது. பைபிளைத் திறக்காமலே சொல்ல முடியற பதிலை வரவழைக்கிற கேள்வியைக் கேக்கவே கேக்காதீங்க. யூ.இ.எஸ்.ஐ.ன்னு 1954லேர்ந்து காலேஜ் மாணவர்கள் நடுவுல வேலை செய்யற இயக்கம் இருக்கே, அந்த ஜெபக்குழுக்கள்ல வளந்தவங்களுக்கு இந்த முறை பழக்கம்தான். முதல்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கறது, அப்புறம் அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கிறது, கடைசியா நம்ம வாழ்க்கைக்கு வர்றது. நம்ம ஆளுங்க முதல் ரெண்டையும் தாண்டி குதிச்சு நேரா மூணாவதுக்கு ஓடிடுவாங்க.

ஒரு உதாரணத்தை எடுத்து நிதானமா பாப்போம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு, புது வருஷத்துக்குன்னு ஒரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்போமில்ல, அதுல எரேமியா 29:11 வராத வருஷமே இருக்காது, தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு. வேலை தேடற பையன் ஃபோன்ல வால்பேப்பரா வெச்சிருப்பான், கல்யாணத்துக்கு வரன் பாக்கற வீட்டுல ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருப்பாங்க. நான் இந்த வசனத்தை மட்டும் எடுத்து பேச மாட்டேன், 29ஆம் அதிகாரத்தை ஒண்ணாம் வசனத்துலேர்ந்து பதினாலு வரைக்கும் ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லுவேன். அப்புறம் ரொம்ப சாதாரண கேள்விங்க. இது என்ன, பிரசங்கமா, பாட்டா, லெட்டரா? யார் எழுதினது, எங்கிருந்து எங்க போகுது, யார் கையில குடுத்து அனுப்பினாங்க? இதுக்கு பதில் பக்கத்துலயே இருக்கு, அதனால வாயே திறக்காத பொண்ணுகூட "எலாசா, கெமரியாக்கா"ன்னு சொல்லிடும். அந்த ஒரு பதில் போதும், அன்னைக்கு பூரா அது பேசும்.

அடுத்து, எருசலேம்லேர்ந்து சிறைபிடிச்சுக் கொண்டுபோய் பாபிலோன்ல இருக்கறவங்களை இந்த லெட்டர்ல என்னென்ன செய்யச் சொல்றாருன்னு கேப்பேன். வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைங்களுக்கும் கல்யாணம் பண்ணி வைங்க, அந்தப் பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு வரிசையா வரும். அப்பவே யாராவது ஒருத்தருக்கு உறைக்கும், இது சீக்கிரம் திரும்பி வரப்போற ஆளுங்களுக்கு சொல்ற பேச்சு இல்லையேன்னு. உடனே 28ஆம் அதிகாரத்தைத் திருப்பச் சொல்லுங்க, அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு ஆலயத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு இருக்கான், எரேமியாவோ 29:10ல 70 வருஷம்னு எழுதறாரு. இப்போ கேள்வி: இந்த லெட்டரை பாபிலோன்ல வாசிக்கக் கேட்ட பெரியவங்கள்ல எத்தனை பேர் எருசலேமைத் திரும்பப் பாத்திருப்பாங்க?

இதைக் கேட்டதும் ரூம் அப்படியே அமைதியாயிடும். இங்கதான் நடத்தறவங்க கெடுத்துடறாங்க. அமைதியைத் தாங்க முடியாம, கேட்ட கேள்விக்கு தானே பதில் சொல்லி, அதுக்கு ஒரு சாட்சியும் சொல்லி, ஒரு பாட்டோட முடிச்சிடுவாங்க. தயவுசெஞ்சு பேசாதீங்க. தண்ணி குடிங்க, பைபிளைப் பாருங்க, ஃபேனைப் பாருங்க, என்ன வேணா பண்ணுங்க, வாயை மட்டும் திறக்காதீங்க. அந்த நேரத்துல அவங்க சும்மா இல்ல, யோசிச்சிட்டு இருக்காங்க.

அப்புறம் வரும் பாருங்க ஒரு கேள்வி, ஓஎம்ஆர்ல கம்பெனி ஆள் குறைப்புல வேலை போன பையன் மாதிரி யாராவது ஒருத்தர் கேப்பாங்க, "அப்போ இந்த வாக்குத்தத்தம் எனக்கு இல்லையாக்கா?"ன்னு. இதுக்காகத்தான் இத்தனை நேரம் உக்காந்திருந்தோம். சட்டுனு "உனக்குத்தான்பா, விசுவாசி"ன்னு தட்டிக் குடுத்துடாதீங்க, "அது இஸ்ரவேலுக்கு சொன்னது"ன்னு ஒரே வெட்டா வெட்டிடவும் செய்யாதீங்க. வட்டத்தைப் பாத்து "இவன் கேக்கறதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேளுங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில்லேர்ந்து வந்து வேளச்சேரியிலயும் சோழிங்கநல்லூர்லயும் பிஜியில தங்கியிருக்கற பிள்ளைங்க இருப்பாங்க, அவங்கள்ல ஒருத்தி "நான் இந்த ஊரை எப்பவுமே ஊரா நெனைச்சதில்ல, எப்போ ட்ரான்ஸ்ஃபர் கெடைக்கும்னுதான் பாத்துட்டு இருக்கேன், இங்க எதோ தோட்டம் போடச் சொல்லுதே"ன்னு சொல்லுவா. எந்தப் பிரசங்கியாலயும் அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்திருக்க முடியாது.

யாராவது அழுதா பதில் சொல்றதையே நிறுத்திடுங்க. எல்லாத்தையும் இழந்துட்டு உக்காந்திருந்த யோபுவோட சிநேகிதங்க வந்து ஏழு நாள் ராவும் பகலும் ஒரு வார்த்தை பேசாம தரையில கூடவே உக்காந்திருந்தாங்க, அது வரைக்கும் நல்ல சிநேகிதங்கதான், விளக்கம் சொல்ல ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் பிரச்சனை.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது, ஆனா சென்னையில வாலிபர் கூட்டம் நடத்தறவங்க தாண்டிப் போகவே கூடாதது. ஜாதி. நல்ல சமாரியன் கதையை எல்லாருக்கும் தெரியும், ஆக்சிடென்ட் ஆனவனுக்கு ஹெல்ப் பண்ணணும்னு சொல்லி முடிச்சிடுவோம். முடிக்காதீங்க, கடைசி வசனத்தைப் பாக்கச் சொல்லுங்க. யூதர்கள் சமாரியரை ஒதுக்கி வெச்சிருந்த காலம் அது. வழியில போன மூணு பேர்ல யார் அடிபட்டவனுக்குப் பிறனா, அதாவது அயலானா இருந்தான்னு இயேசு கேட்டப்போ அந்த நியாயசாஸ்திரி "சமாரியன்"னு சொல்லல, இரக்கம் செஞ்சவன்னு சுத்தி வளைச்சு சொல்றான். ஏன் அந்தப் பேர் வாயில வரலன்னு கேளுங்க. அப்புறம், நம்ம வீட்டுல வாயில வராத பேர் எதுன்னு கேளுங்க. கிறிஸ்தவ மேட்ரிமோனி விளம்பரத்துல சபை பேரைப் போட்டு பக்கத்துலயே ஜாதி பேரையும் போடறாங்களே, அதைப் பத்தி பிள்ளைங்க தாங்களாவே பேசுவாங்க, ஏன்னா அவங்கள்ல ரெண்டு பேர் அப்பதான் வீட்டுல அந்த சண்டையில மாட்டிட்டு இருப்பாங்க. இது புதுசும் இல்ல. 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி வித்தியாசத்தை விடணும்னு கடிதம் அனுப்பினாரு, அதை ஏத்துக்க மாட்டோம்னு இங்க வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் ஜனங்க சபையை விட்டே வெளிய போனாங்க. நம்ம பஸ்ஸுல தினம் தாண்டிப் போற வேப்பேரிதான். இதைச் சொன்னா "அரசியல் பேசறீங்க"ன்னு பெரியவங்க சில பேர் சொல்லுவாங்க. லூக்கா 10ஐ படிச்சிட்டு ஜாதியைப் பேசாம இருக்கறதுதான் எனக்கு அரசியலா தெரியுது.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். வட்டமா உக்காருங்க, சர்ச் பெஞ்ச்ல வரிசையா உக்காந்தா எல்லாரும் உங்க மூஞ்சியைத்தான் பாப்பாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாக்க மாட்டாங்க. பத்து பேருக்கு மேல போனா ரெண்டாப் பிரிங்க. வரிசையா ஆளுக்கு ஒரு வசனம் சத்தமா வாசிக்க வைக்காதீங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நெறைய பேருக்கு தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், அதுலயும் நம்ம பழைய மொழிபெயர்ப்புல "சிறைப்பட்டுப்போகப்பண்ணின"ன்னு ஒரே வார்த்தையா வந்தா அந்தப் பையன் அடுத்த வாரம் வரவே மாட்டான். விருப்பம் இருக்கறவங்க வாசிக்கட்டும், மத்தவங்க எந்த பாஷையில வேணா ஃபோன்ல பாத்துக்கட்டும், ஃபோனைத் தடை பண்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

எல்லா குரூப்புலயும் ஒரு தம்பி இருப்பான், யூடியூப்ல எல்லா பிரசங்கமும் கேட்டவன், எந்தப் பகுதியை எடுத்தாலும் வெளிப்படுத்தலுக்கும் அந்திக்கிறிஸ்துவுக்கும் கொண்டு போயிடுவான். அவனை எல்லார் முன்னாடியும் அடக்காதீங்க, "இது எந்த வசனத்துல இருக்கு, காட்டு தம்பி"ன்னு கேளுங்க. காட்டினா நல்லது, காட்ட முடியலன்னா அவனே சிரிச்சிட்டு நிறுத்திடுவான். இதே கேள்வி உங்களுக்கும் பொருந்தும், நீங்க ஏதாவது சொன்னா பிள்ளைங்க "எந்த வசனம்க்கா?"ன்னு கேக்கணும், கேட்டா சந்தோஷப்படுங்க. பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே தினமும் வேதத்துல பாத்து சரிதானான்னு தேடினாங்க, அதுக்காக அவங்களை நற்குணசாலிகள்னு அப்போஸ்தலர் 17ல பாராட்டித்தான் எழுதியிருக்கு.

பதில் தெரியாத கேள்வி வந்தா எழுதி வெச்சுக்கோங்க, ஆயர்கிட்ட கேளுங்க, அடுத்த வாரம் கண்டிப்பா திரும்ப எடுங்க. எடுக்கலன்னா அந்தப் பையன் இனிமே கேக்க மாட்டான்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு பகுதி சொல்றேன், மாற்கு 4, 35லேர்ந்து 41 வரைக்கும், ஏழே வசனம், கடல்ல புயல் அடிச்ச சம்பவம். கமென்ட்ரி எடுக்கறதுக்கு முன்னாடி வாரம் முழுக்க நீங்களே திரும்பத் திரும்ப வாசிங்க. வாசிச்சா, இதுவரைக்கும் கண்ணுல படாதது படும், அவரோட இன்னும் சில படகும் கூடப் போச்சுன்னு இருக்கு, அவர் தலையணை வெச்சு தூங்கினாருன்னு இருக்கு, சீஷர்கள் "உமக்குக் கவலையில்லையா"ன்னு கேட்டாங்கன்னு இருக்கு. பிள்ளைங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, சீஷர்கள் எப்போ அதிகமா பயந்தாங்க, புயல் அடிச்சப்பவா, நின்னதுக்கப்புறமா? 41ஆம் வசனத்தைப் பாத்துட்டு அவங்க பேசட்டும். ஆறு மணிக்கு ஆரம்பிச்சீங்கன்னா ஏழேகாலுக்கு ஜெபம் பண்ணி அனுப்பிடுங்க, பேச்சு சூடா போகுதுன்னு இழுக்காதீங்க, திங்கட்கிழமை காலையில ஷிஃப்ட் இருக்கறவங்க பெரம்பூர்லேர்ந்து ரெண்டு ட்ரெயின் மாறி பிஜிக்குப் போகணும், அங்க எட்டரைக்கு மேல சாப்பாடு இருக்காது. மிச்சத்தை அவங்க ட்ரெயின்ல பேசிக்குவாங்க. நன்றி, வணக்கம்.